அறுபடக் கூடாத வளர்ச்சிக் கோடு

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆணா, பெண்ணா என்று. அடுத்துக் கேட்பது எடை எவ்வளவு என்று. 'மூன்று கிலோ' என்று சொல்லும் தாயின் குரலில் ஒரு நிறைவு இருக்கும். 'இரண்டு கிலோ நூறு கிராம்' என்று சொல்ல நேரும் தாய், சொல்லி முடிப்பதற்குள் தலை குனிந்துவிடுகிறாள். 'மாசமா இருந்தப்ப ஒழுங்கா சாப்பிட்டியா?' என்ற கேள்வி அடுத்து வரும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே தொடங்கும் பதற்றம், பல வீடுகளில் குழந்தையின் முதலாண்டு முழுவதையும் ஆட்டிவைக்கிறது.

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் குழந்தைநல மருத்துவராக இருக்கும் நான், இந்தப் பதற்றத்தின் இரு முகங்களையும் அன்றாடம் பார்க்கிறேன். ஒரு வீட்டில், சிறிதாய்ப் பிறந்த குழந்தையை எப்படியாவது கொழுகொழுவென்று ஆக்கிவிட வேண்டும் என்று இரண்டாவது வாரத்திலேயே பால் பவுடர் டப்பா வந்துவிடுகிறது. இன்னொரு வீட்டில், 'எங்கள் வம்சமே ஒல்லிதான்' என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் எடையே பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள். சிறிதாய்ப் பிறந்த குழந்தை முதலாண்டில் எப்படி வளர்கிறது என்பதை அறிந்திருந்தால், இந்த இரண்டையுமே தவிர்க்கலாம்.

ஓர் எண், இரண்டு கதைகள்

2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பதை எடை குறைந்த பிறப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எடை பதிவான பிறப்புகளில் ஏறத்தாழ 18 விழுக்காடு இந்த வகையைச் சேர்ந்தவை.

ஆனால், இந்த அளவுகோலுக்குள் இரண்டு வேறுபட்ட கதைகள் ஒளிந்திருக்கின்றன. 34ஆவது வாரத்தில் 2.1 கிலோவுடன் பிறக்கும் குழந்தை, அந்த வாரத்துக்கு ஏற்ற எடையுடன்தான் இருக்கிறது. அவசரப்பட்டு வெளியே வந்துவிட்டது, அவ்வளவே. 39ஆவது வாரத்தில் அதே 2.1 கிலோவுடன் பிறக்கும் குழந்தையோ பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வளர்ச்சி தடைபட்ட குழந்தை. இந்தக் கட்டுரை இரண்டாவது குழந்தையைப் பற்றியது.

கருவுக்கு உணவும் உயிர்வளியும் நஞ்சுக்கொடி வழியாகவே செல்கின்றன. தாய்க்கு ரத்த அழுத்தம் மிகுந்தாலோ, கடும் ரத்தசோகை இருந்தாலோ, இரட்டைக் கரு இருந்தாலோ, நோய்த்தொற்று ஏற்பட்டாலோ அந்த வழி சுருங்கிவிடலாம். வரவு குறைந்ததும் கரு செலவைச் சுருக்குகிறது. வருமானம் நின்றுபோன வீட்டில் மற்ற செலவுகளையெல்லாம் குறைத்துக்கொண்டு, பிள்ளையின் படிப்புச் செலவில் மட்டும் கைவைக்காமல் காப்பாற்றுவார்கள் அல்லவா? கருவும் அப்படித்தான். ரத்த ஓட்டத்தை மூளையின் பக்கம் திருப்பிவிட்டு, கல்லீரலில் சேமிக்கும் சர்க்கரையையும் தோலடிக் கொழுப்பையும் தசையையும் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் இத்தகைய குழந்தைகளில் பலருக்கு உடலைவிடத் தலை பெரிதாகத் தெரிகிறது, வயிறு ஒட்டியிருக்கிறது, தொடையில் தோல் மடிப்பு விழுகிறது.

இதற்குத் தாயின் ஒன்பது மாதச் சாப்பாட்டை மட்டும் காரணமாக்குவது அநீதி. அவள் சிறுமியாக இருந்த காலத்து ஊட்டச்சத்து, வளரிளம் பருவத்திலேயே தொடங்கிவிட்ட ரத்தசோகை, அடுத்தடுத்த பிரசவங்கள், வீட்டில் மற்றவர்கள் விடும் புகை எல்லாம் சேர்ந்தே அந்த எடையைத் தீர்மானிக்கின்றன. அதே கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாதிப் பேரைப் பிடித்திருக்கும் ஒரு குறைக்கு ஒருத்தியைக் குற்றவாளியாக நிறுத்த முடியாது.

எட்டிப்பிடிக்கும் காலம்

கருப்பைக்குள் இருந்த நெருக்கடி, பிறந்தவுடன் நீங்கிவிடுகிறது. இனி வரவு தாய்ப்பால் வழியே வருகிறது. இயற்கை அந்தக் குழந்தைக்குள் ஒரு வேகத்தை வைத்திருக்கிறது: தடைபட்ட வளர்ச்சியை ஈடுகட்ட, மற்றக் குழந்தைகளைவிட விரைவாக வளரும் வேகம். வளர்ந்த நாடுகளில் நடந்த ஆய்வுகளில், சிறிதாய்ப் பிறந்த குழந்தைகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் இரண்டு வயதுக்குள் இயல்பான உயர வரம்புக்குள் வந்துவிடுகின்றனர். அந்த எட்டிப்பிடிப்பின் பெரும்பகுதி முதலாண்டில், அதிலும் முதல் ஆறு மாதங்களில் நடந்துவிடுகிறது. நம் நாட்டில் தொற்றுநோயும் உணவுப் பற்றாக்குறையும் குறுக்கிடுவதால், அந்த வாய்ப்பைப் பல குழந்தைகள் இழக்கின்றனர்.

பொதுவான கணக்கு இது. பிறந்த முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறப்பு எடைக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை கூடும். பிறகு வேகம் படிப்படியாகத் தணியும். ஐந்தாறு மாதத்தில் பிறப்பு எடை இரட்டிப்பாகும், ஓராண்டில் மும்மடங்காகும். ஈடுகட்டும் குழந்தை இந்த மைல்கற்களை முன்னதாகவே தாண்டும்.

இங்கேதான் ஒற்றை எண் நம்மை ஏமாற்றுகிறது. இரண்டு பெண் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி 2.1 கிலோவுடன் பிறந்து, ஆறாவது மாதத்தில் 6.2 கிலோ இருக்கிறாள். இன்னொருத்தி 3.2 கிலோவுடன் பிறந்து, ஆறாவது மாதத்தில் 5.9 கிலோ இருக்கிறாள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சித் தரத்தின்படி, ஆறு மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 7.3 கிலோ; கவலைக்குரிய கீழ்வரம்பு 5.7 கிலோ. எனவே, அங்கன்வாடி அட்டையில் இரண்டு குழந்தைகளுமே பச்சை நிறப் பகுதியில்தான் இருக்கின்றனர். ஆனால், முதல் குழந்தை எல்லைக்கு வெளியே பிறந்து உள்ளே ஏறி வந்தவள். இரண்டாமவள் நடுக்கோட்டில் பிறந்து, எல்லையின் விளிம்புக்குச் சரிந்தவள். உறவினர்கள் முதல் குழந்தையைப் பார்த்து 'ஒல்லியா இருக்கே' என்று கவலைப்படுவார்கள். மருத்துவர் கவலைப்பட வேண்டியது இரண்டாவது குழந்தைக்காக. இந்த வேறுபாட்டை எந்தத் தராசும் காட்டாது. பல மாத எடைகளைப் புள்ளிகளாக வைத்து இணைக்கும் வளர்ச்சிக் கோடு மட்டுமே காட்டும்.

அந்தக் கோட்டுக்குரிய தரத்தை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் ஊட்டப்பட்டு நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்ட தரம் அது. இந்தியக் குழந்தைகள் தில்லியில் அளக்கப்பட்டனர். நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்தால் நம் குழந்தைகளும் நார்வேக் குழந்தைகளைப் போலவே வளர்கிறார்கள் என்பது அதில் உறுதியானது. 'எங்கள் வம்சமே ஒல்லிதான்' என்ற வாதத்துக்கு, குறைந்தபட்சம் முதல் சில ஆண்டுகளில், அறிவியலின் ஆதரவு இல்லை.

வேகமாக வளர்ந்தால் ஆபத்தா?

படித்த பெற்றோர் பலர் இப்போது இன்னொரு கேள்வியுடன் வருகின்றனர்: 'சிறிதாய்ப் பிறந்த குழந்தை வேகமாக எடை கூடினால், பிற்காலத்தில் சர்க்கரை நோய் வருமாமே?' இது பொருளற்ற கேள்வியல்ல.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷையரில் பாதுகாக்கப்பட்டிருந்த பழைய பிறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்த டேவிட் பார்க்கர், பிறக்கும்போதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்த ஆண்கள் பிற்காலத்தில் இதயநோயால் அதிகம் இறந்ததை 1989இல் எடுத்துக்காட்டினார். கருப்பைக்குள் சிக்கனத்துக்குப் பழகிய உடல், பிறகு வரும் தாராளத்தைத் தாங்க முடியாமல் தவிக்கிறது என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. புணே அருகே கிராமங்களில் ஆய்வு செய்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இதற்கு ஓர் இந்திய முகம் தந்தார். அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிடப்பட்ட இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளிடம் தசை வெகுவாகக் குறைந்திருந்தது. கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. 'மெலிந்த கொழுத்த குழந்தை' என்று அவர் பெயரிட்ட இந்த உடலமைப்பு, நம்மிடையே சர்க்கரை நோய் இளவயதிலேயே வருவதற்கான காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

அப்படியானால் முதலாண்டில் குழந்தையை மெதுவாக வளர்க்க வேண்டுமா? வேண்டாம் என்கிறது நம் நாட்டுச் சான்று. தில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர் சந்தோஷ் பார்கவா உள்ளிட்ட குழுவினர், 2004இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. ஏறத்தாழ 1,500 பேரை 26 முதல் 32 வயதில் சோதித்தபோது, சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ இருந்தவர்கள் இரண்டு வயது வரை மெலிந்தே இருந்திருக்கின்றனர். அதன் பிறகு 12 வயது வரை, உயரத்துக்கு மீறி எடை கூடிக்கொண்டே போயிருக்கின்றனர். இந்தியா, பிரேசில், குவாத்தமாலா, பிலிப்பின்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2013இல் வெளியான ஆய்வும் இதையே வலியுறுத்தியது: முதல் இரண்டு ஆண்டுகளில் நன்கு வளர்ந்த குழந்தைகள் பிற்காலத்தில் உயரமானவர்களாகவும் கூடுதலாகப் படித்தவர்களாகவும் இருந்தனர். பிந்தைய குழந்தைப் பருவத்தில், உயரம் கூடாமல் எடை மட்டும் கூடியதுதான் உடற்கொழுப்புடனும் ரத்த அழுத்தத்துடனும் அதிகம் பிணைந்திருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. இங்கிலாந்தில் அதுல் சிங்கல் குழுவினர், சிறிதாய்ப் பிறந்த நிறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குச் சாதாரணப் பால் பவுடரும், மற்றொரு பிரிவினருக்குச் சத்து செறிவூட்டப்பட்ட பால் பவுடரும் தந்து பார்த்தனர். செறிவூட்டப்பட்டதைக் குடித்தவர்களுக்கு 6 முதல் 8 வயதில் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பெற்றோருக்கான வழி தெளிவாகிறது. முதலாண்டில் குழந்தை தன் வேகத்தில் வளரட்டும். எடையோடு நீளமும் தலைச் சுற்றளவும் கூடட்டும். செயற்கையாகத் திணித்துக் கொழுக்க வைக்க வேண்டாம். இரண்டு வயதுக்குப் பிறகு பிஸ்கட், இனிப்புப் பானம், திரை முன் உட்கார வைத்து ஊட்டுதல் ஆகியவற்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: வளர வேண்டிய வயதில் நீர்த்த கஞ்சி, அளவு பார்க்க வேண்டிய வயதில் பிஸ்கட் பாக்கெட்.

மறந்துபோன ஒரு திட்டம்

கோட்டைப் பார்த்துக் குழந்தையைக் காப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அனைவருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்பே, 1980இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் பலருக்கு நினைவில்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை, ஊரிலேயே உள்ள ஒரு பெண் பணியாளர் மாதந்தோறும் எடை போட்டு அட்டையில் குறித்தார். எடை போதிய அளவு ஏறாத குழந்தைக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் கூடுதல் உணவு தரப்பட்டது. கோடு நிமிர்ந்ததும் அது நிறுத்தப்பட்டது. உணவு அங்கே மருந்தைப் போல அளந்து தரப்பட்டது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு அந்தப் பகுதிகளில் கணிசமாகக் குறைந்ததைப் பின்னர் வந்த மதிப்பீடுகள் பதிவு செய்தன.

குழந்தை மெலிந்துவிட்டதா என்று பார்ப்பதற்குப் பதில், ஏறுவது நின்றுவிட்டதா என்று பார்த்ததே அத்திட்டத்தின் சிறப்பு. மெலிவு கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். தேக்கம் முன்கூட்டியே எச்சரிக்கும். கருவில் வளர்ச்சி தடைபட்ட குழந்தைக்கு இந்தக் கண்காணிப்பு ஆறாவது மாதத்தில் அல்ல, பிறந்த நாளிலிருந்தே தேவை.

எங்கே அறுபடுகிறது?

தமிழ்நாட்டில் இன்று 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அநேகமாக ஒவ்வொரு குழந்தையும் பிறந்தவுடன் எடை பார்க்கப்படுகிறது. இருந்தும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தை, வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. முதல் புள்ளி வைக்கப்படுகிறது, கோடு வரையப்படுவதில்லை.

எங்கள் பகுதியில் கோடு அறுபடும் இடங்களை என்னால் சுட்டிக்காட்ட முடியும். முதலாவது, தாய்வீடு. வளைகாப்பு முடிந்து பெண் பிறந்த வீட்டுக்குச் செல்கிறாள். பிரசவம் திண்டிவனத்திலோ திருநெல்வேலியிலோ நடக்கிறது. மூன்றாவது அல்லது ஐந்தாவது மாதம் குழந்தையுடன் இரும்புலியூருக்கு வருகிறாள். ஓய்வுக்கும் பராமரிப்புக்கும் நல்ல வழக்கம்தான். ஆனால், ஈடுகட்டும் வேகம் உச்சத்தில் இருக்கும் அந்த மாதங்களின் எடைகள் வேறோர் ஊர் மருத்துவமனையின் சீட்டில் தங்கிவிடுகின்றன. 'பிறந்தப்ப எவ்வளவு?' என்று நான் கேட்டால் பதில் உடனே வருகிறது. 'இரண்டாம் மாதம் எவ்வளவு?' என்றால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். வேலை தேடி வந்த வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

இரண்டாவது, தடுப்பூசி அட்டவணை. தேசிய அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி உண்டு. அடுத்தது ஒன்பதாவது மாதத்தில். பல பெற்றோருக்குத் தடுப்பூசி நாள்தான் எடை பார்க்கும் நாள். எனவே, மூன்றரை மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை தராசு பக்கம் போகாத குழந்தைகள் உண்டு. தாய் வேலைக்குத் திரும்புவதும், இணை உணவு தொடங்குவதும், முதல் வயிற்றுப்போக்கு வருவதும் அதே காலத்தில்தான்.

மூன்றாவது, ஆளுக்கொரு பதிவு. அங்கன்வாடியில் ஒன்று, அரசு சுகாதார நிலையத்தில் ஒன்று, என்னைப் போன்ற தனியார் மருத்துவரிடம் ஒன்று. நான் குறிக்கும் எடை அங்கன்வாடிப் பணியாளரின் கண்ணில் படுவதில்லை. அவர் குறிப்பது என் கண்ணில் படுவதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

சிறிதாய்ப் பிறந்த குழந்தைக்குச் சிறந்த உணவு தாய்ப்பாலே. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது இரண்டும் கூடாது. சேமிப்பு இல்லாத இந்தக் குழந்தைகளுக்கு முதல் நாள்களில் ரத்தச் சர்க்கரை சட்டென்று குறையும். உடலும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். எனவே, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது பால் தர வேண்டும். குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்து வைக்கும் கங்காரு முறைப் பராமரிப்பு, உடல் சூட்டையும் பால் சுரப்பையும் ஒருசேரக் காக்கிறது. தாய் களைத்தால் தந்தையோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம். பால் பவுடரை மருத்துவக் காரணமின்றித் தொடங்க வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரையும் உணவையும் விளம்பரப்படுத்துவதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடை செய்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

தாயிடமிருந்து பெற்ற இரும்புச்சத்து இருப்பு இவர்களுக்குக் குறைவு. ஆகவே, மற்றக் குழந்தைகளுக்கு முன்பாகவே இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தேவைப்படும். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் கேழ்வரகுக் கூழ், குழையவேக வைத்த பருப்புச் சாதத்தில் நெய் அல்லது எண்ணெய், முட்டை, மசித்த வாழைப்பழம், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு ஆகியவை போதும்.

இரண்டு வாரத்துக்குள் பிறப்பு எடையை மீட்காவிட்டாலும், முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 கிராம்கூடக் கூடாவிட்டாலும், பிந்தைய மாதங்களில் கோடு தொடர்ந்து இருமுறை தட்டையானாலும், தலைச் சுற்றளவு வளராமல் நின்றாலும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வயதுக்குப் பிறகும் உயரம் எட்டிப்பிடிக்காத பத்தில் ஒரு குழந்தைக்குச் சிறப்பு மருத்துவரின் ஆலோசனை தேவை. 'எடை போட்டால் கண் பட்டுவிடும்' என்று தயங்கும் பாட்டிகளிடம் நான் சொல்வது, திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டே தூக்கி வாருங்கள் என்பதுதான்.

அரசு செய்யக்கூடியவை

கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய்க்கும் பிக்மி எண் தரப்படுகிறது. அந்த எண்ணின் கீழ், பிறந்த நாள் முதல் இரண்டு வயது வரை, குழந்தையின் எடையையும் நீளத்தையும் அரசு மருத்துவமனை, அங்கன்வாடி, தனியார் மருத்துவர் என யார் அளந்தாலும் பதிவேற்ற வழி செய்ய வேண்டும். அப்போது திண்டிவனத்தில் தொடங்கிய கோடு இரும்புலியூரில் தொடரும். 3, 6, 9, 12, 15ஆவது மாதங்களில் வீட்டுக்கே சென்று குழந்தையைப் பார்க்கும் திட்டத்தை மத்திய அரசு 2018இல் அறிவித்தது. மக்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் தாம்பரம் போன்ற மாநகராட்சிகளில், 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்காவது இந்த வருகைகள் தவறாமல் நடக்க வேண்டும். நான்காவது மாதம் முதல் எட்டாவது மாதம் வரை, தடுப்பூசி இல்லாத காலத்திலும், மாதம் ஒருநாள் எடை பார்க்கும் நாளாக நகர்ப்புற சுகாதார நிலையங்கள் அறிவிக்கலாம். ஒரு தராசு, ஓர் அளவுப் பலகை, ஒரு செவிலியர், அரை நாள்: இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தாய்வீட்டிலிருந்து கிளம்பும்போது தொட்டில், துணிமணி, உரைமருந்துப் பெட்டி எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துவைக்கிறீர்கள். தாய் சேய் நல அட்டையையும் எடுத்துவையுங்கள். அதில் ஒவ்வொரு மாதமும் ஒரு புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.